துரையின் மூதாதையை நாங்கள் விசாரித்த விதம்

யுத்தம் முடிந்த மறு வருஷம் என் உத்தியோகம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் டெம்பரவரி ஸ்டெனோ. யுத்தத்துக்காக எடுத்த ஆட்களை யுத்தம் போனதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. பதினோரு டெம்பரவரிகளில் இரண்டு பேரை மட்டும் நிரந்தரமாக்கலாம் என்று எங்கள் மானேஜர் துரைக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். துரையோ மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மாதக் கப்பலில் சீமைக்குப் போகிறவர் திரும்பி வரப்போவதில்லை. போவதற்குள் இரண்டு கடிதங்களில் அவர் கையெழுத்து விழ வேண்டும். அவருக்குப் பின்னால் வருகிறவர் தன் ஆட்களோடுதான் வருவார் என்பது ஆபீஸ் பியூனுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அந்த இரண்டில் ஒன்று எனக்கு வந்தாக வேண்டும். மாட்டுங்காவில் மாமா வீட்டு நடையில் படுத்துக்கொண்டிருந்தவன் நான். வேலை போனால் பாயும் போகும். மாமா வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார். மாமிதான் ஒரு நாள் என் பாயைச் சுருட்டி டிரங்குப் பெட்டிக்கு மேல் வைத்து, பாலக்காட்டு ரயில் எத்தனை மணிக்கு என்று யாரையோ கேட்பதுபோலக் கேட்பாள்.

இந்த நிலைமையில் ஒரு நாள் காலை துரை கூப்பிட்டார். நோட்டுப் புத்தகத்தோடு போனேன். மூடி வை என்றார். அவருடைய அக்காவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அந்த அம்மாள் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து குடும்ப வம்சாவளியைத் தோண்டிக்கொண்டிருந்தாராம். எல்லாரும் அகப்பட்டுவிட்டார்கள், உச்சியில் ஒருவரைத் தவிர. துரையிலிருந்து மேலே எண்ணினால் ஏழாவது தலைமுறை. பம்பாய் இன்னும் தனித்தனித் தீவுகளாக இருந்த காலத்தில், அந்தக் காலத்துக் கம்பெனியில் குமாஸ்தாவாக இங்கே வந்தவர். மனைவியையும் கைக்குழந்தையையும் சீமையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். சில வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அந்தக் கைக்குழந்தையின் வழியில் வந்தவர்கள்தான் துரையும் அக்காவும்.

அக்கா ஏழு கேள்வி எழுதியிருந்தார். எங்கே குடியிருந்தார், என்ன உத்தியோகம் வரைக்கும் போனார், எப்போது காலமானார், எங்கே புதைத்தார்கள், இப்படி. ஏழாவது கேள்வியின் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தது. "அங்கே அவருக்கு யாராவது உண்டா?"

"நீங்கள் தென்னாட்டுக்காரர்கள் வம்சத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு மாதம் இருக்கிறது. சாப்பாட்டு வேளைக்குப் பிறகு உனக்கு ஆபீஸ் வேலை கிடையாது. இதைக் கண்டுபிடி" என்றார் துரை.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது, திவசத்தன்று சொல்லவேண்டிய மூன்று பெயர்கள். அதிலும் ஒன்று அடிக்கடி மறந்துபோகும். ஆனால் மறுக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்? தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். என் உத்தியோகம், செத்து இருநூறு வருஷத்துக்கு மேலான ஒரு குமாஸ்தாவின் கையில் இருந்தது. அவரும் குமாஸ்தா, நானும் குமாஸ்தா, கொஞ்சம் பார்த்துச் செய்யமாட்டாரா என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். மாமாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸ். ஆனால் மாட்டுங்காவில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு. நம்மவர்களில் யார் வீட்டிலாவது பெண்ணுக்கு வரன் வந்தால், பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க மாமாவிடம்தான் வருவார்கள். மாமா விசாரித்துச் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. அதற்கென்று பதினான்கு கலம் போட்ட ஒரு ஃபாரம் வைத்திருந்தார். நிறம், உயரம், பல், மாறுகண், மூச்சிரைப்பு, சித்தப்பிரமை, வெற்றிலை, சீட்டாட்டம், கல்யாணத்துக்கு நிற்கும் தங்கைகள் எத்தனை என்று போகும். அவருடைய முதல் விதி, சம்பந்தப்பட்ட வீட்டாரை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. எதிர்வீட்டுக்காரனைக் கேள், பால்காரனைக் கேள், வண்ணானைக் கேள்.

மாமா மோருஞ்சாதத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஜாதகம் கெடைக்குமா?"

"செத்துப்போய் இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு மாமா."

"அதனால என்ன? பொறந்தாரா இல்லையா?"

ஞானஸ்நானத் தேதி அக்காவின் கடிதத்தில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு மாமா நாலு நாள் பஞ்சாங்கத்தோடு மல்லுக்கட்டினார். சீமையில் சூரிய உதயம் எப்போது என்று என்னைக் கேட்டார். அங்கே உதிக்கிறதே சந்தேகம்தான் என்றேன். கடைசியில் ஒரு கட்டம் போட்டு என்னிடம் காட்டினார்.

"ஏழாமிடம் சரியில்லை. மனுஷனுக்கு ரெண்டு தாரம்."

"இதெல்லாம் துரைகிட்ட எப்படி மாமா சொல்றது?"

"சொல்லவேண்டாம். நமக்குத் தெரிஞ்சிருக்கணுமோல்லியோ?"

அந்த வாரத்திலிருந்து மாமாவும் மத்தியானங்களில் லீவு போட ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய கேஸ் அவருக்கு அதுவரை வந்ததில்லை. கோட்டைக்குள் இருக்கும் பழைய மாதா கோவில் ஒன்றுக்கு முதலில் போனோம். அங்கே காவலுக்கு இருந்த கோவாக்காரக் கிழவர் எங்களைப் புதைகுழி வாங்க வந்தவர்கள் என்று நினைத்து நாற்காலி போட்டார். மாமா ஃபாரத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, மூதாதையின் பெயரைச் சொல்லி, தன் பம்பாய் ஹிந்தியில் கேட்டார்.

"ஆள் எப்படி? குடி கிடி உண்டா?"

கிழவர் இதை ஒரு நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தக் காலத்தில் வந்தவர்கள் எல்லாருமே குடித்தார்கள். தண்ணீர் சரியில்லை" என்றார். மாமா எழுதிக்கொண்டார்: குடி உண்டு, ஊரோடு.

பாதிரியார் நல்ல மனிதர். எங்களை உள்ளே விட்டுப் பழைய புத்தகங்களைப் புரட்ட அனுமதித்தார். கரையான் போக மீந்ததில் ஆறு நாள் தேடினேன். ஏழாம் நாள் பெயர் அகப்பட்டது. கம்பெனி உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டு மாஹிம் பக்கம் குடிபோனவர் என்றும், அங்கேயே இறந்து அங்கே இருந்த சின்னக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார் என்றும் இரண்டு வரி. எதற்காக நீக்கினார்கள் என்ற இடத்தைக் கரையான் தின்றிருந்தது. மாமாவுக்கு அதில் மகா வருத்தம். ஆனால் பட்டியலில் மூதாதைக்கு முன்னாலும் பின்னாலும் இருந்த பெயர்களை விடாமல் குறித்துக்கொண்டார். பக்கத்தில் படுத்திருப்பவர்கள் யார் என்று தெரிந்தால்தானே ஆளின் சகவாசம் தெரியும் என்றார்.

மாஹிம் கல்லறைத் தோட்டம் இப்போது இல்லை. ரோடு போட்டபோது தரைமட்டமாக்கி, கல்லையெல்லாம் காண்டிராக்டர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம். என் உத்தியோகம் அந்த வண்டியில் ஏறிப் போய்விட்டது என்று நான் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். மாமா அசரவில்லை. வீட்டுக்கு வந்து, துணி எடுக்க வந்த வண்ணானை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, இங்கிலீஷ் எழுத்துப் போட்ட கல் எங்காவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். அவன் மூன்று இடம் சொன்னான். மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதல் கல் துணி துவைக்கும் துறையில் இருந்தது. அது ஒரு குதிரையினுடையது. இரண்டாவதில் ஓர் எழுத்தும் மிச்சமில்லை. மூன்றாவது தாராவியில், தோல் பதனிடும் கொட்டகை ஒன்றில் கிடந்தது. உள்ளே நுழையும்போதே மாமா மேல்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டார். கொட்டகையில் வேலை செய்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். மேஸ்திரி மாதிரி இருந்த ஒருவர் உப்புக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கல் இருந்தது. அதன்மேல் எருமைத்தோல்கள் அடுக்கியிருந்தன.

"நாங்க வந்த நாளா இங்கனதான் கெடக்கு. எழுத்தெல்லாம் கீழ. பொரட்டணும்னா நாலு ஆளு வேணும். என்ன வெசயம்?" என்றார்.

மூக்குக் கட்டுக்குள்ளிருந்து மாமா, "ஒருத்தரைப் பத்தி விசாரிக்கறோம்" என்றார்.

"கல்யாண வெசயமா?"

"ஒரு மாதிரி அப்படித்தான்."

அவர் கல்லைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "ஆளு எறந்து ரொம்ப நாளாயிருக்குமே சாமி" என்றார்.

"ஆமாம், அது வாஸ்தவம்" என்றார் மாமா.

வேலையை நிறுத்திவிட்டு நாலு பேர் வந்து, தோல்களை இறக்கிவைத்து, கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டினார்கள். மாமாவும் ஒரு கை கொடுக்கிறேன் என்று போய்ப் பஞ்சகச்சத்தில் உப்புத் தண்ணீரை வாங்கிக்கொண்டார். நான் வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். அக்காவின் கடிதத்தில் இருந்த அதே பெயர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தோல் நெடியால் மட்டும் இல்லை. கீழே வயது. அதற்கும் கீழே, துக்கம் தாங்காத மனைவியும் மூன்று புதல்வர்களும் நாட்டிய கல் என்று இருந்தது.

நான் படித்துத் தமிழில் சொன்னேன். மாமா மூக்குக் கட்டை அவிழ்த்தார்.

"எந்த மனைவி?"

சீமையில் இருந்த மனைவி கணவனுக்குப் பின்னாலும் பல வருஷம் அங்கேயே இருந்து, அங்கேயே இறந்தாள் என்று அக்கா எழுதியிருந்தார். அவளுக்குக் குழந்தையும் ஒன்றுதான். கல்லை நாட்டியவள் வேறொருத்தி.

"ஏழாமிடம்" என்றார் மாமா, மெதுவாக. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையின் முகத்தில்கூட நான் அந்தப் பூரிப்பைப் பார்த்ததில்லை.

மேஸ்திரி எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார். "இந்தக் கல்லுக்கு ஆளு இருக்காவளே" என்றார். "மாஹிம்ல மருந்துக்கடை கம்பவுண்டரு. எங்களுக்கெல்லாம் அவுகதான் மருந்து குடுக்காவ. வருசத்துக்கு ஒருக்கா வந்து, மெழுகுவத்தி ஏத்தி வச்சிட்டு, ஒடைச்சிராதீயன்னு சொல்லிட்டுப் போவாவ."

அப்படியே நடந்து மாஹிமுக்குப் போனோம். சின்ன மருந்துக்கடை, முன்னால் ஒரு பெஞ்சு. உள்ளே அறுபது வயதில் ஒருவர் கல்வத்தில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மாற்றுக் கறுப்பு. கழுத்தில் சிலுவை. நிமிர்ந்து பார்த்தார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். நாலு வருஷமாக அந்த மூக்குக்கு எதிரே உட்கார்ந்துதான் நான் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு மேடு, நுனியில் இடது பக்கம் ஒரு சாய்வு. துரையின் மூக்கு.

துரையின் மூக்கு வாய் திறந்து பேசியது. "வாங்க, உக்காருங்க. வெயில்ல நடந்தே வந்திருக்கிய. யாருக்குச் சொகமில்ல?"

மாமா பெஞ்சில் உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்வது சரி. முப்பது வருஷமாகத் தாராவிக்காரர்களுக்கு மருந்து கொடுத்துக் கொடுத்து அவருக்கு அந்தத் தமிழ் வந்திருந்தது. வீட்டில் கொங்கணி, கோவிலில் இங்கிலீஷ், தெருவில் ஹிந்தி, வயிற்றுப்போக்குக்கு மட்டும் திருநெல்வேலித் தமிழ்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அவர் அரைப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், துணியில் சுற்றிய ஜெபப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பின்பக்கத்து வெற்றுத் தாள்களில் எட்டுத் தலைமுறை, ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்தில். எல்லாவற்றுக்கும் மேலே மூதாதையின் பெயர். பக்கத்தில் மனைவியின் பெயர் இல்லை, மாஹிம் பெண் என்று மட்டும் இருந்தது. கடைசியில் கம்பவுண்டர், அவருடைய இரண்டு பெண்கள், ஐந்து பேரக் குழந்தைகள்.

"சீமைல நமக்கு ஆளுக இருக்குன்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. தெருவுல எல்லாம் சிரிப்பாங்க. எம் பொண்ணுகளே சிரிக்கும்" என்றார். பிறகு மருந்துச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எட்டுத் தலைமுறையையும் வரிசையாக எழுதி என்னிடம் கொடுத்தார். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் தம்பி. காசு பணம் கேட்டு வந்துருவோமுன்னு அவுக பயப்படவேண்டாம். இன்னார் இங்கன இருக்காவன்னு ஒரு வரி எழுதிட்டாப் போதும்."

எழுதுகிறேன் என்று சொன்னேன். கம்பவுண்டர் மாமாவின் நாடியைப் பார்த்து, உங்களுக்குப் பித்தம் அதிகம் என்று ஒரு புட்டி மருந்து கட்டிக்கொடுத்தார். கிளம்பும்போது வாசல் வரை வந்து நின்றார்.

மாட்டுங்காவுக்கு வந்து சேர்ந்தோம். கால் அலம்பிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் மாமா சொன்னார்.

"சந்ததி இல்லைன்னு எழுதிடு."

"மாமா, இப்பத்தானே எட்டுத் தலைமுறையைப் பார்த்துட்டு வரோம்."

"பார்த்தது நாம. எழுதறது துரைக்கு." அக்காவின் கடிதத்தை வாங்கி ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார். "ரெண்டு கோடு போட்டிருக்காளே, எதுக்கு? முப்பது வருஷமா விசாரிக்கறேண்டா. எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, கடைசியில 'வேற ஏதாவது உண்டா'ன்னு அழுத்திக் கேப்பா. அப்படிக் கேட்டா, இல்லைங்கற பதில் வேணும்னு அர்த்தம். சீமையில கட்டினவ இருக்கச்சே இங்க ஒருத்தி, மூணு பிள்ளை, எட்டுத் தலைமுறை. இதை ஊருக்குப் போற நேரத்தில அந்த மனுஷன் கையில கொடுப்பியா? கொடுத்துட்டு, என் வேலையைப் பெர்மனென்ட் பண்ணுங்கோன்னு நிப்பியா?"

அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டு வழக்கமே அதுதான். மாமாவுக்கு ஓர் அண்ணா உண்டு. அதாவது, இல்லை. அவர் ஒரு கிறிஸ்தவ நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு பம்பாயிலேயே கோவண்டியில் குடியிருந்தார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அவர் காலமாகிவிட்டார். எங்கள் வீட்டுப் பெண்களைப் பார்க்க வந்தவர்களிடம் மாமா அப்படித்தான் சொன்னார், வந்தவர்களும் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். காலமானவர் மாதம் ஒருமுறையாவது ரயிலில் எதிர்ப்படுவார். ஒரு தடவை மாமியிடம் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். தேவலை என்று மாமி பதிலும் சொன்னாள், ஆனால் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாள். இதில் எங்கள் யாருக்கும் ஒரு விபரீதமும் தெரியவில்லை. கௌரவமான குடும்பம் என்றால் இதற்கெல்லாம் ஓர் ஏற்பாடு இருக்கும் என்று நினைத்திருந்தோம். துரையின் குடும்பமும் கௌரவமான குடும்பம்தானே?

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து டைப் அடித்தேன். கை தயங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தயங்கவில்லை, நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை போயிற்று. கல்லின் கடைசி வரியை விட்டுவிட்டேன். மாஹிமில் தனிமையில் காலமானார், சந்ததி இல்லை என்று முடித்தேன். மாமாவின் பதினான்கு கலங்களில் தெரிந்தவற்றையும் கௌரவமான இங்கிலீஷில் சேர்த்தேன். நிறம் வெள்ளை, சித்தப்பிரமை கேள்விப்படவில்லை, குடி ஊரோடு. கார்பன் வைத்து நாலு பிரதி. ஒரு பிரதியை மாமா தன் ஃபைலுக்கு வாங்கிக்கொண்டார்.

கப்பலுக்கு முந்தின நாள் மத்தியானம் துரை கூப்பிட்டார். அறையில் படமெல்லாம் கழற்றியாகிவிட்டது. மேஜைமேல் என் ரிப்போர்ட் இருந்தது, இன்னும் பிரிக்காமல். முதலில் ஓர் உறையை நீட்டினார். பிரித்தேன். நிரந்தரம். தேதியைப் பார்த்தேன். அக்காவின் கடிதத்தை என்னிடம் காட்டினாரே, அதற்கு ஒரு வாரம் முந்தைய தேதி.

"அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டேன். முன்னாலேயே கொடுத்தால் இந்த வேலையில் உனக்கு அக்கறை இருக்காதோ என்று மேஜைக்குள் வைத்துவிட்டேன். தப்புதான், மன்னித்துக்கொள்" என்றார்.

பிறகு ரிப்போர்ட்டைப் பிரித்தார். குடி ஊரோடு என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். நாலு வருஷத்தில் அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"யாரும் இல்லையா?"

நான் கடிதத்தை மறுபடி உறைக்குள் போட்டேன்.

"அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் இல்லை. எங்களோடு முடிகிறது. இங்கே யாராவது ஒருவர் இருக்கலாம் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. நிறம் என்னவானாலும் சரி, தொழில் என்னவானாலும் சரி, போய்ப் பார்த்துவிட்டு வா என்று எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். அதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் மரியாதைக்காக எங்கிருந்தாவது ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன்." ரிப்போர்ட்டை மடித்துவைத்தார். "நாளைக்குக் காலையில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் வைத்திருந்தேன். நன்றாக விசாரித்தாயா?"

மாஹிம் டாக்ஸியில் அரை மணி. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால், நாலு பிரதி டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுப் பொய் கொடுத்தவன் நான் என்று ஆகும். கடிதம் என் கையில் இருந்தது. அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்க மாட்டார். எனக்கு அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நடையில் விரித்திருந்த பாய்தான்.

"நன்றாக விசாரித்தோம், சார். யாரும் இல்லை" என்றேன்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே வந்து மற்ற டெம்பரவரிகள் முன்னால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். மகிழ்ச்சியில் வாயடைத்துவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள்.

மாஹிம் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து மாமாவுக்குப் பித்தம் மறுபடி ஏறியது. வேறு எந்த மருந்தும் கேட்கவில்லை. அதே புட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவரால் நடக்க முடியவில்லை, நான்தான் போகவேண்டியிருந்தது.

கம்பவுண்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். உள்ளேயிருந்து பெண்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பேரக் குழந்தைகளும் வந்து வாசற்படியில் வரிசையாக நின்றார்கள். இரண்டு குழந்தைகளுக்கு அந்த மூக்கு இருந்தது.

"தம்பி, எங்க பேர எழுதினியளா?"

"எழுதிட்டேன்."

அவர் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஈரமான கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"தொரை என்ன சொன்னாவ?"

"ரொம்ப சந்தோஷப்பட்டார்" என்றேன். "நேர்ல வந்து உங்களையெல்லாம் பாக்கணும்னு ஒரு காலை வேளையையே ஒதுக்கி வச்சிருந்தார்."